செல்வியக்கா கேட்ட ஜன்னல்

பக்கத்து ஃபிளாட்டில் நேற்று டிஸ்டெம்பர் அடித்தார்கள். அந்த ஈர வாசனை வந்தால் நான் கொஞ்ச நேரம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். அது என்னை, பல வருஷத்துக்கு முன் மாதிரிக்குக் கட்டிய ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் விடும்.

டில்லிக்கு வந்த புதிது. முனிர்காவில் அறை, கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. கால்வாய் ஓரத்துத் தமிழ்க் குடிசைகளை எடுத்துவிட்டு, அங்கேயே அடுக்குமாடி கட்டும் திட்டம் எங்களிடம் வந்திருந்தது. எனக்கு வரைபடம் சுமாராகத்தான் வரும். தமிழ் வரும் என்று அனுப்பிவைத்தார்கள்.

முதலில் அந்தக் குடிசைச் சந்துகளுக்குப் பக்கத்திலேயே ஒரே ஒரு வீட்டை மாதிரிக்குக் கட்டி, ஒரு குடும்பத்தைச் சில நாள் தங்கவைத்துப் பார்த்தோம். வீட்டுவேலை செய்யும் செல்வியக்கா, கள்ளக்குறிச்சிப் பக்கம், சம்மதித்தார். மறுநாள் போனால் அடுப்பு வாசலில் இருக்கிறது. புளிக்குழம்பு கொதிக்கிறது.

"உள்ள கிச்சன் நல்லா இல்லியாக்கா?"

"அச்சாத்தான் இருக்கு தம்பி. செவுத்தப் பாத்துக்கிட்டே எப்படி சமைக்கிறது? யாரு போறா, யாரு வரான்னே தெரியல."

அப்போது அந்த வழியாகப் போன ராணி, செல்வியக்காவின் சந்துக்காரி, உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு வாங்கி நக்கிப் பார்த்தாள். "உப்பு பத்தலடி" என்று நடையைக் கட்டினாள். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. அன்று முழுக்க அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தி குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுப் போனாள். எந்தக் கோட்டியில், அதாவது பெரிய பங்களாவில், வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்ற சேதியும் அந்த அடுப்படிக்குத்தான் வந்தது.

சமையலறை ஜன்னல் நடைவழியைப் பார்த்து இருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் மன்றாடினேன். நடைவழியெல்லாம் புகை வரும் என்றார்கள். விடவில்லை. கடைசியில் சம்மதித்தார்கள். அந்தப் பெருமையை நான் சொல்லிச் சொல்லி, அறைத்தோழர்கள் என்னைக் கண்டாலே போர்வையை இழுத்துக்கொள்வார்கள்.

கட்டி முடியப் பல வருஷம் ஆயிற்று. குடிவந்த பிறகு ஒருநாள் போனேன். செல்வியக்கா ஏழாவது மாடியில், ஜன்னலருகே டீ போட்டார். வெளியே ஒருவர் தலைநிமிராமல் கடந்து போனார்.

"யாருக்கா அது?"

"தெரியல தம்பி. சீட்டுக் குலுக்கித்தான வீடு குடுத்தாங்க. நம்ம சந்துக்காரங்க ஆளுக்கொரு பக்கம்."

அந்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அத்தனை யோசித்தோம். அதைக் கடந்து யார் போவார்கள் என்று யோசிக்கவில்லை.

"ராணியக்கா?"

"எதிர் டவருதான். டெய்லி போன்ல பேசிக்குவோம்."

சந்தில் இருந்த காலத்தில் அவர்கள் இருவரும் போனில் பேசி நான் பார்த்ததே இல்லை.