கேக்குக்குள் போன சிவப்பு வைன்

அப்பாவோடு பொருட்கிடங்கில் வேலை செய்த நோர்வேஜியர் ஒருவர் திராட்சை வளர்த்தார். ஒக்டோபரிலேயே கையுறை தேடுகிற நாட்டில் திராட்சையா என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிறவர் இல்லை. ஒஸ்லோவுக்குத் தெற்கே, பியோர்ட் எனும் கடலேரிக் கரைச் சரிவொன்றில் மனைவியும் மகளுமாக முந்நூறு கொடி நட்டு, ஆறு வருடமாக அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைத் திராட்சை மாமா என்பேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அறுவடை டுக்னாட்டுக்கு எங்களையும் அழைத்தார். கூலியில்லாமல் எல்லாரும் கூடிச் செய்கிற வேலைக்கு இங்கே அதுதான் பெயர். உறைபனி விழுவதற்குள் எல்லாக் குலைகளையும் வெட்டியாக வேண்டும். நான் ஒரு பழத்தை வாயில் போட்டு, புளிப்புத் தாங்காமல் அங்கேயே துப்பினேன். அம்மா இரண்டு ஜக்கெட் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் ரோல்ஸ் பரிமாறினார். அப்பா மட்டும் யாரோடும் கதைக்காமல், குனிந்த தலை நிமிராமல், பொழுதுபடும்வரை வெட்டினார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அடுத்த வருட மார்கழியில் ஒரு போத்தல் வீட்டுக்கு வந்தது. அந்தத் தோட்டத்தின் முதல் சிவப்பு வைன். மாமாவின் மகள் கையால் எழுதிய லேபல். ஞாயிற்றுக்கிழமை நத்தார்க் கேக் சாப்பிட வருவதாகவும், வைன் எப்படியென்று அப்பா அன்றைக்குச் சொல்லவேண்டுமென்றும் மாமா சொல்லியிருந்தார்.

ஒஸ்லோவின் ரொம்மனில் அப்போது எங்களுக்குச் சின்ன வீடு. போத்தல் குளிர்சாதனப்பெட்டியின் மேல் இருந்தது. அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், வைப்பார், திரும்பவும் எடுப்பார். நண்பரின் உழைப்பை மெச்சுகிறார் என்று நினைத்தேன். கொஞ்சக் காலமாக விருந்துகளில் அப்பா கோலாதான் குடிப்பார். அவருக்கு வயிற்றில் புண் என்று அம்மா எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தார்.

மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, அம்மா அகப்பைக் காம்பால் தக்கையைப் போத்தலுக்குள்ளேயே இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். தக்கை கழற்றுகிற சாமான் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. பக்கத்தில் பெரிய சட்டி நிறைய, றிச் கேக்குக்கு வெட்டிய உலர்ந்த பழங்களும் கஜுவும். வழக்கமாக அதற்கு மூடியால் அளந்து பிரண்டி விடுவார்.

"அம்மா, அது அப்பா குடிக்கிறதுக்கல்லோ தந்தது!"

"போத்திலை ஆடாமல் பிடி, பிள்ளை. சும்மா கதையாதை."

கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். பாவம், அம்மாவுக்கு வைனுக்கும் பிரண்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எனக்கு அழுகையே வந்தது. அப்பா வேலையால் வந்து வெறும் போத்தலைப் பார்த்தார். அதைக் கழுவி வைத்தார்.

ஞாயிறு மாமா வந்தார். கேக் சாப்பிட்டார். பிறகு, குழந்தை பிறந்த செய்தியைக் கேட்கிறவர் போல முன்னால் சரிந்து, "எப்படியிருந்தது?" என்றார். அப்பாவின் முகம் இருண்டது. பள்ளிக்கூடத்தில் உண்மை பேசப் பழக்கியிருந்தார்கள். நானோ அதில் முதல் மாணவி. அம்மா முழுவதையும் கேக்குக்குள் ஊற்றிவிட்டார் என்று நோர்வேஜிய மொழியில் போட்டு உடைத்தேன்.

மாமா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். ஆறு வருடத்து உழைப்பு.

அம்மா அப்பாவைப் பார்த்துத் தமிழில் அவசரமாகச் சொன்னார்: "எனக்குத் தெரியாமல் போச்சுதெண்டு சொல்லுங்கோ. கேக்குக்குத் தந்ததெண்டு நினைச்சனான் எண்டு சொல்லுங்கோ."

அப்பா அதை மொழிபெயர்க்கவில்லை. மாமாவை நேரே பார்த்து, தன் உடைந்த நோர்வேஜிய மொழியில், "நான்தான் ஊற்றச் சொன்னேன்" என்றார்.

மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு துண்டு எடுத்தார். தங்கள் வீட்டில் அந்த வைனை முகம் சுளிக்காமல் ஒருவரும் குடிக்கவில்லை, இப்படியாவது இனித்ததே என்று சிரித்தார். போகும்போது அப்பாவைக் கட்டிப்பிடித்தார். எனக்கோ கோபம் அடங்கவில்லை. பெண்சாதியைக் காப்பாற்ற, என் கண் முன்னாலேயே பொய் சொன்ன மனிதர்!

அப்பாவின் அந்தப் பொய்யைப் பல வருடம் பகிடியாகச் சொல்லித் திரிந்தேன். போன நத்தாருக்கு, அம்மா அப்பா இப்போதிருக்கும் லோறென்ஸ்கூக் வீட்டில், என் கணவருக்கும் சொன்னேன். அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா பழம் வெட்டுகிற கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொப்பா குடியை விட்டு அப்ப ஒரு வருசமும் ஆகேல்லை. அண்டைக்கு விடிய வேலைக்குப் போகேக்கை என்ரை கையைப் பிடிச்சு அழுதவர். நான் வரமுதல் அதை இல்லாமல் செய் எண்டார். ஆனால் கழுவுற தொட்டிக்கை ஊத்தாதை, அந்த மனுசன் பாடுபட்டது எண்டார்."

அன்று அந்த மேசையில் நான்கு பேர் இருந்தோம். பொய் சொன்னது அம்மா மட்டும்தான்.