என் வீட்டுக் கூழ்

நான் கொஞ்சம் பெருமை பிடித்தவள். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்.

வெயில் காலம் வந்துவிட்டால் அந்தப் பெருமை இன்னும் கூடிவிடும். அரியலூரில் நல்ல நுங்கு எந்த மூலையில் வெட்டுகிறார்கள், எந்தக் கடை நன்னாரி சர்பத்தில் நிஜமாகவே நன்னாரி இருக்கிறது, எந்தக் கரும்பு மிஷின்காரர் ஐஸை அள்ளிப் போட்டு டம்ளரை நிரப்ப மாட்டார், இதெல்லாம் தெரிய வேண்டுமானால் எங்கள் ஆபீசில் என் மேசைக்குத்தான் வர வேண்டும். நான் பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அரியலூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாத இடமெல்லாம் எனக்குத் தெரியும். எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரை பிறந்ததும் பதினோரு மணி டீ நின்றுவிடும். அதற்குப் பதிலாக முறை வைத்துக்கொண்டு, தினம் ஒருவர் எல்லாருக்கும் குளிர்ச்சியாக ஏதாவது கொண்டுவருவோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் இருக்கிறது கட்டடம். ஜன்னலைத் திறந்தால் வெள்ளைத் தூசி, மூடினால் புழுக்கம். மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். அந்தப் பதினோரு மணியை நினைத்துக்கொண்டுதான் காலையிலிருந்து ஃபைல் பார்ப்போம். பக்கத்து மேசை அக்கா மோர் கொண்டுவருவார். இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் அளவாக இருக்கும். சூப்பிரண்டு சார் வீட்டிலிருந்து பானகம் வரும். மூடியைத் திறந்தால் ஏலக்காய் வாசனை வாசல் வரைக்கும் போகும்.

என் முறைக்கு மட்டும் கடைச் சாமான். முதல் வருடம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா சொல்லிவிட்டார்.

“நீ அவ்ளோ தூரத்துலேர்ந்து பஸ்ல வர்றவ. பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு எதுக்கும்மா சிரமம்? இங்கனயே ஏதாவது வாங்கிடு.”

அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். வாங்குவது என்று ஆன பிறகு ஏனோதானோ என்று வாங்குவேனா? என் முறைக்கு இரண்டு நாள் முன்பே, மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நல்ல இடம் தேடி வெயிலில் கிளம்பிவிடுவேன். அப்படிக் கிடைத்ததுதான் ரயில்வே கேட் பக்கத்து நுங்குக்காரர். நகம் படாமல், தண்ணீர் சிந்தாமல் முழுக் கண்ணாக எடுத்துத் தருவார். தா.பழூர் பக்கமிருந்து வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு பஸ் ஏறும் ஒரு அம்மாவைப் பேச்சுக்கொடுத்துப் பிடித்துவைத்தேன். எறையூர்க் கரும்பு வந்து இறங்கும் நாள் பார்த்து ஜூஸ் வாங்குவேன். அன்றைக்கு அதன் இனிப்பே வேறு. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே புளியமரத்தடிக் கூழ் வண்டியைக் கண்டுபிடித்ததும் நான்தான். கூழைப் பொட்டலம் கட்டி எடுத்துவர முடியாதென்று ஒரு நாள் மொத்த ஆபீசையும் அங்கேயே நடத்திக் கூட்டிப்போனேன். வண்டிக்காரர் கையை முழங்கை வரை பானைக்குள் விட்டுக் கரைத்து ஊற்ற, சூப்பிரண்டு சார் வேர்க்க வேர்க்க நின்று இரண்டு சொம்பு குடித்தார்.

“இந்தம்மா முறைன்னாலே தனி ருசிதான்யா” என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் அதை இரண்டு தடவை சொன்னேன்.

போன வருடம் திருச்சியிலிருந்து மாற்றலாகி ஒரு பெண் வந்தாள். வெடுக்கென்று பேசுவாள், மனதில் ஒன்றும் இருக்காது. வந்த மாதமே வெயில் ஆரம்பித்தது. அவள் வந்த பிறகு என் மூன்றாவது முறை வந்த நாள் அது. சர்பத் கொண்டுவந்திருந்தேன். சப்ஜா விதை ஊறி மிதக்க, எலுமிச்சை பிழிந்து, அமிர்தமாக இருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவள் கேட்டாள்.

“அக்கா, எல்லாரும் வூட்டுலேர்ந்து செஞ்சு கொண்டாராங்க. நீங்க மட்டும் ஏங்கா எப்பவும் கடையில வாங்குறீங்க?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். பஸ், தூரம், சிரமம் என்று சொல்லலாம்தான். ஆனால் அதற்குள் அக்கா மேசை டிராயரைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். சூப்பிரண்டு சார் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். ஜெயங்கொண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒருவர் இருக்கிறார். முந்தின நாள்தான் பெரிய தூக்கு நிறைய எலுமிச்சைச் சாறு கொண்டுவந்திருந்தார். அவரிடம் யாரும் சிரமம் என்று சொன்னதில்லை. அவரும் தன் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும் காலனி அது. என் அம்மா அடுத்தவர் வெங்காயக் காட்டில் களையெடுத்து என்னைப் படிக்கவைத்தவர். வேலை கொடுத்த வீட்டில் தண்ணீர் கேட்டால் தூக்கி ஊற்றுவார்கள், கையில் ஏந்திக் குடிக்க வேண்டும். பரீட்சை எழுதி, பாஸாகி, நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டேன், அதெல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. மரியாதையாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என் கண்டுபிடிப்புகளை ருசித்துப் பாராட்டியவர்களுக்கு என் அடுப்பில் வெந்தது மட்டும் வேண்டாம்.

கோபத்தில் காது இரண்டும் சுட்டது. அழுகை வரவில்லை. எனக்கு அப்படிச் சட்டென்று வராது.

“கேட்டதும் நல்லதாப் போச்சு” என்றேன் அந்தப் பெண்ணிடம். “அடுத்த முறைக்கு எங்க வூட்டுக் கம்பங்கூழு. எல்லாருக்கும்.”

“அய்ய, உனக்கெதுக்கும்மா சிரமம்” என்றார் அக்கா டிராயருக்குள்ளிருந்தே.

“சிரமமே இல்லக்கா.”

கூழ் என்று நான் யோசிக்காமல் சொல்லவில்லை. வேறு எது கொண்டுபோனாலும் பழக்கமில்லை, ஒத்துக்காது என்று சொல்ல வழியிருக்கிறது. கூழுக்கு அந்த வழி கிடையாது. நடுரோட்டில், பெயர் தெரியாதவர் கையால் கரைத்ததைச் சப்புக்கொட்டிக் குடித்தவர்கள் அவர்கள். கூட்டிப்போனவளே நான்தான்.

வீட்டில் சொன்னதும் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

“யாரும் தொடலன்னா என்ன பண்ணுவ? நெறஞ்ச தூக்கோட திரும்பி பஸ்ல வருவியா? பேசாம பாட்டில் ஜூஸு வாங்கிட்டுப் போயேன்.”

“தொடலன்னா தொடல. யாரு தொடலன்னு தெரிஞ்சுட்டுப் போவுது.”

“தெரிஞ்சு? நாளைக்கும் அவங்க மூஞ்சிலதான் முழிக்கணும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் பயம்தான். அந்த ஆபீசில் எனக்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. பக்கத்து மேசை அக்காவோடுதான் மதியம் சாப்பிடுகிறேன். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கேட்பதும் அவர்தான். அவரும் தொடாமல் விட்டால் அதற்குப் பிறகு அவரோடு எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது? தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

முந்தின நாளே கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறி, மிக்சியில் ஒன்றிரண்டாக உடைத்து, உமி புடைத்து, கெட்டியாகக் களி கிண்டினேன். ஆறவைத்து உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டேன். கரைத்தே கொண்டுபோனால் பஸ் சூட்டில் புளித்துப் பொங்கிவிடும். அதனால் உருண்டையாக ஒரு தூக்கில், கடைந்த மோர் இன்னொன்றில். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் வறுத்தேன், மாங்காய் கீறி உப்பு மிளகாய்த்தூள் போட்டேன். சின்ன வெங்காயம் உரித்துத் தனி டப்பா. பெரம்பலூர்க்காரி வெங்காயமில்லாமல் கூழ் கொடுத்தால் ஊருக்கே அவமானம்.

பதினோரு மணிக்கு நடுமேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். உருண்டைத் தூக்கைத் திறந்ததும் அக்கா ஒரு கரண்டியை நீட்டினார்.

“இதால கலக்கேன்.”

“கரண்டியால கலக்குனா கட்டி நிக்கும்க்கா. கூழு கையாலதான் கரைக்கணும்.”

மோரை ஊற்றி, உப்புப் போட்டு, கையை உள்ளே விட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நிதானமாகக் கரைத்தேன். என் கைதான். அவர்கள் ஃபைலில் நான் கையெழுத்துப் போடும் அதே கை. உருண்டைகள் விரலில் உடைந்து, மோரோடு சேர்ந்து, கெட்டியாகவும் இல்லாமல் நீர்த்தும் போகாமல் சரியான பதத்துக்கு வந்தது. டம்ளர்களில் ஊற்றி வரிசையாக வைத்தேன். யாருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிடவில்லை, “எடுத்துக்கங்க” என்று கெஞ்சவும் இல்லை.

திருச்சிப் பெண்தான் முதலில் எடுத்தாள். அவள் எடுப்பாள் என்று எனக்குத் தெரியும், அதனால் அது கணக்கில்லை. அக்காவைத்தான் பார்த்தேன். கரண்டி இன்னும் அவர் கையிலேயே இருந்தது. ஒரு தடவை சூப்பிரண்டு சார் பக்கம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கரண்டியை மேசையில் வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. உதட்டில் வைத்துக் குடித்தார். பாதியில் நிறுத்தி ஒரு வெங்காயத்தைக் கடித்தார்.

“அந்த மாங்காயத் தள்ளு” என்றார். “வண்டிக்காரன் கூழெல்லாம் கூழா? சொல்லவே இல்ல பாரு நீ.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மோர் மிளகாய் டப்பாவைத் தேடினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக நீண்டது. ஜெயங்கொண்டத்துக்காரர் இரண்டாவது டம்ளருக்குத் தானே வந்து நின்றார். ஒரே ஒரு டம்ளர் மட்டும் மேசையில் அப்படியே இருந்தது.

“சார், உங்களுது” என்றாள் திருச்சிப் பெண்.

“வேணாம்மா, எனக்கு சுகரு” என்றார் சூப்பிரண்டு சார் ஃபைலைப் பார்த்தபடி.

“சுகருக்குத்தான் சார் கம்பு குடிக்கச் சொல்றாங்க. வண்டியில ரெண்டு சொம்பு குடிச்சீங்கன்னு இந்த அக்கா சொன்னாங்களே?”

“அது வேற.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எல்லார் காதிலும் விழுந்தது. சொல்லிவிட்ட பிறகு அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும், பேனாவைத் திறந்து மூடினார். கடித்த வெங்காயத்தோடு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலை குனிந்து பாத்திரத்தை அடுக்கப்போகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

“வேறதான் சார்” என்றேன். “அது யாரு கரைச்சான்னு உங்களுக்குத் தெரியாது. இது நான் கரைச்சது.”

அவருக்கென்று ஊற்றியதை அவர் எதிரிலேயே நின்று, அவசரப்படாமல், ஒரு வாய் கூழுக்கு ஒரு வெங்காயமாகக் கடித்துக் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை. எங்கள் வீட்டுக் கூழ் அவ்வளவு ருசி என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.