சின்ன மாப்பிள்ளையின் பீர்

நான் பீர் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். கூடுவாஞ்சேரி மாமியாரோ கல்யாணம் பேசிய நாளிலிருந்தே எனக்கு மருந்து கம்பெனி வேலை என்றுதான் ஊரிடம் சொல்லிவருகிறார். சாம்பிள் கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துத் தொலைக்கிறேன்.

இப்போது உலகம் முழுக்க இளைஞர்கள் குடியைக் குறைக்கிறார்களாம். எங்கள் கம்பெனியும் போதையில்லாத பீரைத் தயாரித்து சூப்பர் மார்க்கெட்டுகளில் அடுக்கியது. அந்தப் பிரிவில் என் சகலையைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

போன மாதம் ஊரப்பாக்கத்தில் அவனுடைய கிரகப்பிரவேசம். பந்தியில் ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் அவனுடைய பீர் டின். அதே தொழிற்சாலை, அதே லேபிள், நிறம் மட்டும் நீலம். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "கோலி சோடா மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், மாப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார்.

"சின்னவரு பீர் கம்பெனில மேனேஜர்!" மாமியாரின் குரல் பந்தி முழுக்கக் கேட்டது. பிறகு என்னைக் காட்டினார்.

"பெரியவரு மருந்து கம்பெனி. சுகர் மாத்திரை ஏதாவது வேணும்னா கேளுங்க அண்ணா, கொண்டாந்து குடுப்பாரு."