ஹமீது பாயின் பீரங்கி

வெட்கக்கேடான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்கரையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஹமீது பாய் அவர்கள் காலமான செய்தியைப் போன வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் சைக்கிளில் வந்து சொன்னார். "பாய் மௌத்தாயிட்டாங்க சார். அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." பதினைந்து வருஷத்துச் சிநேகிதம். என் கண்ணில் நீர் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி: அந்த நெகடிவ் இப்போது யார் கையில் இருக்கிறது?

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் எந்தப் படத்தைச் சொல்கிறேன் என்று தெரியும். அதைப் பார்க்காதவர்களுக்கு எங்கள் வீட்டில் காபி கிடையாது. காவிரி இரு கரையும் முட்ட வருகிறது. பாலத்துத் தூண்களில் மோதி ஆளுயர அலை எழுகிறது. அதற்கு முன்னால், ஒரு பலகையின் மேல், முழங்கால்களை மடக்கி, கைகளை விரித்து, தலைமயிர் பறக்க நான் நிற்கிறேன். அந்தப் படத்தின் உண்மை இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒருவர் போய்விட்டார்.

பாயை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒல்லியான, உயரமான மனிதர். நடையில் அவசரம் இருக்காது, பேச்சிலும் இருக்காது. ஸ்டூடியோவில் கல்யாண ஜோடிகளையும் பாஸ்போர்ட் முகங்களையும் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு, யுத்தம் முடிந்து ராணுவச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு கண்ணாடி கிடைத்தது. ஆகாய விமானத்திலிருந்து தரையைப் படம் பிடிக்கச் செய்த லென்ஸாம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த ஒரு கடைசல்காரரைப் பிடித்து அதற்கு ஒரு குழாய் செய்து தன் காமிராவில் மாட்டிக்கொண்டார். மூன்றடி நீளம். ஊர் அதற்குப் பீரங்கி என்று பெயர் வைத்தது.

அந்தக் காலத்தில் ஆடி வெள்ளம் வந்தால் ஸ்ரீரங்கத்து இளவட்டங்கள் பழைய கதவுப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குவார்கள். தூண்களுக்கு நடுவே எழும் அலைமேல் பலகையைச் செலுத்தி, அதன்மேல் எழுந்து நின்று, சறுக்கிக்கொண்டே வந்து கீழே கரையேறுவார்கள். அவர்களைப் படம் பிடிப்பதுதான் பாயின் பித்து. கரையில் நின்றபடியே பிடிப்பார். முக்காலி ஈரமணலில் புதையாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் ஒரு கொட்டாங்குச்சி வைப்பார். காற்றில் குழாய் ஆடாமல் இருக்க நடுவில் இரண்டு செங்கல்லைத் துணியில் கட்டித் தொங்கவிடுவார்.

படித்துறையில் நீளக் குழாயோடு ஒருவர் நின்றால் ஊர் என்ன பேசும்? பாய்க்கு அது தெரியும். அதனால் முதல் நாளே அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த செல்லம்மாளைக் கூப்பிட்டுக் காமிராவின் கறுப்புத் துணிக்குள் பார்க்கச் சொன்னார்.

"ஐயையோ, என்ன பாய், எல்லாரும் தலைகீழா நிக்கிறாங்க!"

"நம்ம ஊர் ஆளுங்களை இப்படிப் பார்த்தாத்தாம்மா சரியாத் தெரியுது."

குளிக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து பார்த்தார்கள். தங்கள் பக்கத்தில் உள்ள எதுவும் அந்தக் குழாயில் தெரியாது, தூரத்துப் பாலம்தான் தெரியும் என்று கண்டுகொண்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு ஏட்டு மிடுக்காக வந்து, "பொம்பளைங்க குளிக்கிற இடத்துல என்னய்யா குழாய்?" என்று அதட்டியபோது பாய் செங்கல்லைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார். செல்லம்மாள்தான் கூடையைக் கீழே வைத்தாள். "நாங்க எல்லாரும் பார்த்தாச்சு ஏட்டையா. நீங்களும் பாருங்க, அப்புறம் சத்தம் போடுங்க." ஏட்டையா பார்த்தார். வெளியே வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "என்னை ஒண்ணு எடுக்க முடியுமா பாய்?"

"தாராளமா. ஆனா நீங்க பாலத்துக்கிட்ட போய் நின்னாத்தான் இதுக்குள்ள வருவீங்க."

மனிதர் போய் நின்றார்! மீசையை வேறு முறுக்கிக்கொண்டார்.

இதில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் அப்போது முப்பது வயதுத் தாலுகா கச்சேரி குமாஸ்தா. பிரம்மச்சாரி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாதவன். பலகையில் வருகிறவனைக் குழாயால் துரத்த முடியாது. அதற்குள் அவன் போய்விடுவான். "ஆளைத் துரத்தாதீங்க மாப்ளே, ஆள் வர்ற இடத்துல போய்க் காத்திருங்க" என்பார் பாய். அதற்காக, அவர்கள் கரையேறும் இடத்தில் முன்கூட்டியே ஒருவரை நிறுத்தி, அவர்மேல் கண்ணாடியைத் திருகித் துல்லியம் பார்த்து வைத்துக்கொள்வார். நிற்பதற்கு ஆள் வேண்டும். அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான். எனக்கு ஏற்ற உத்தியோகம்.

ஒருநாள் நான் அப்படி ஒரு பலகையோடு நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எருமை தலையை உதறிக்கொண்டு என் பக்கம் திரும்பியது. நான் அலறிப் பலகைமேல் ஏறினேன். பலகை வழுக்கியது. கைகளை விரித்தேன். எருமை வாலால் தண்ணீரை அடித்தது. பாய் படம் எடுத்துவிட்டார். அந்த நீளக் கண்ணாடிக்கு ஒரு குணம்: எங்கோ பின்னால் இருக்கும் அலையை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிற்பவன் முதுகில் ஒட்டிவிடும். இரண்டு பர்லாங் தள்ளியிருந்த வெள்ளம் என்னை விழுங்க வருவதுபோல் இருந்தது. ஓரத்தில் எருமையும் இருந்தது.

அந்த மாதம்தான் தொட்டியத்திலிருந்து ஒரு வரன். வாழை சாகுபடிக் குடும்பம். வருஷா வருஷம் வெள்ளம் கொல்லைக்குள் வந்து போகிற வீடு. "ஆத்துக்குப் பயப்படாத மாப்பிள்ளையா இருக்கணும்" என்றார் பெண்ணின் தகப்பனார். அதற்கு முன் நழுவிப்போன வரன்கள் நாலு. நான் பாயின் காலில் விழாத குறை.

பாய் படத்தை எடுத்து ஓரத்து எருமையின்மேல் விரலை வைத்தார். "நான் பொய்ப் படம் எடுக்க மாட்டேன் மாப்ளே. ஓரத்தை வேணா வெட்டித் தரேன். ஆனா யாராச்சும் என்கிட்ட வந்து கேட்டாங்கன்னா உள்ளதைச் சொல்லிடுவேன்."

"யார் பாய் வந்து கேக்கப் போறாங்க!"

எருமையும் அதன் சொந்தக்காரரும் முழங்கால் அளவுத் தண்ணீரும் வெட்டப்பட்டன. படம் தொட்டியம் போயிற்று. கல்யாணம் முடிந்தது. காமாட்சி வந்து சேர்ந்தாள். விருந்தினர் வரும்போதெல்லாம் அவளே படத்தைக் காட்டுவாள். "அன்னிக்குத் தண்ணி எவ்வளவு ஆழம்னு இவர்கிட்டயே கேளுங்க" என்று எனக்கு எடுத்துக் கொடுப்பாள். "பக்கத்துல துணைக்குக்கூட யாரும் இல்லையாம்!" என்பாள். எந்தப் பெண்டாட்டி இப்படிப் பெருமைப்படுவாள்? நீச்சல் போட்டிகளுக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்தார்கள். தாங்கினேன், கரையிலிருந்து.

பாயின் இன்னொரு நாளையும் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். ஒரு வருஷம் வெள்ளம் மிஞ்சிப் போயிருந்தது. பலகையில் வந்தவன் அழகாக எழுந்து நின்றான். கரையில் எல்லோரும் கை தட்டினோம். பாய் மட்டும் சட்டென்று துணியிலிருந்து தலையை வெளியே எடுத்து, "மூணாவது தூண்! மூணாவது தூண்!" என்று கரையோரம் இருந்த பரிசல்காரரை நோக்கிக் கத்திக்கொண்டே மணலில் ஓடினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகுதான் பலகை இரண்டாகப் பிளந்தது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. பரிசல் அதற்குள் பாதி தூரம் போயிருந்தது. பையன் பிழைத்தான்.

"எப்படி பாய் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அவன் முகம் கண்ணாடியில தெரிஞ்சுது மாப்ளே. தலைகீழாத் தெரிஞ்சாலும் பயம் பயமாத்தான் தெரியும்."

அந்த வருஷத்தின் மிக நல்ல படம் அது, எடுக்கப்படவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வருந்தியதில்லை. அன்று முதல் அவரிடம் எனக்கிருந்த சிநேகிதம் மரியாதையாக மாறிற்று. ஆனாலும் ஒவ்வொரு ஆடியிலும் அவர் என் காதில், "மாப்ளே, எருமை நல்லா இருக்கா?" என்று கேட்பதை நிறுத்தவில்லை. மூன்றாவது மனிதர் யாராவது அருகில் இருந்தால் கேட்க மாட்டார். அந்தப் பெருந்தன்மையில்தான் என் குடும்பம், கௌரவம், பதினைந்து வருஷத்து நிம்மதி எல்லாம் நின்றன.

அடக்கத்துக்குப் போனேன். மூன்று பிடி மண் போட்டேன். மூன்றாம் நாள் பாயின் தம்பி யூசுப் என்னை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார். பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு தகரப் பெட்டி. ஒவ்வொரு நெகடிவும் தனி உறையில். எந்தப் படம், யாருக்குக் கொடுத்தது என்று உறைமேல் எழுதி வைப்பது பாயின் வழக்கம்.

"இது உங்களுக்குன்னு அண்ணன் தனியா எடுத்து வெச்சிருந்தாங்க. யார்கிட்டயும் காட்டாதேன்னாங்க. நானும் பார்க்கல."

உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்தேன். பங்குனி மாதத்துக் காவிரி, மணல்தான் அதிகம். நெகடிவைச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். கறுப்பு வெளுப்பாக, வெளுப்பு கறுப்பாக, நானும் எருமையும் நின்றோம். அந்த எருமை வெள்ளையாக, ஐராவதம் மாதிரி இருந்தது. முக்காலி நிற்கும் இடத்தைப் பார்த்தேன். மணலில் கொட்டாங்குச்சி எதுவும் இல்லை. போய் வாருங்கள் பாய். நீங்கள் போயிருக்கும் கரையிலிருந்தும் தூரத்தில் இருப்பவர்களின் முகம் உங்களுக்குத் தெரியும். எருமை நன்றாக இருக்கிறது.

எழுந்தபோதுதான் உறையின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். பாயின் கையெழுத்து, மணிமணியாக: 'ஓரம் வெட்டியது ஒன்று, மாப்பிள்ளைக்கு. முழுப் படம் ஒன்று, தொட்டியத்துப் பெண் கேட்டபடி; அவர் அண்ணன் நேரில் வந்து வாங்கிப் போனார்.' கீழே ஆவணி மாதத்துத் தேதி.

எங்கள் கல்யாணம் நடந்தது அதற்கடுத்த தை மாதத்தில்.