கிழக்கே இருந்த ஆஸ்பத்திரி

சத்தியவேட்டுப் பக்கம் எங்கள் ஊரை ஆந்திராவில் சேர்த்த வருஷம், முதலில் மூட்டை கட்டியவர் டாக்டர்தான். மெட்ராஸ் சர்க்கார் உத்தியோகம். அந்தப் பக்கமே இடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதிலுக்கு ஒருவர் வருவார் என்றார்கள். யாரும் வரவில்லை. டிஸ்பென்சரியில் மிஞ்சிய கம்பவுண்டர் தலைவலிக்கும் பேதிக்கும் ஒரே ரோஸ் கலர் தண்ணீரைச் சீசாவில் ஊற்றிக் கொடுத்தார். எல்லைக்காகக் கொடி பிடித்தவர்கள், தந்தி அடித்தவர்கள் எத்தனை பேர்! டாக்டருக்காக ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவைக் கொடுத்திருந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். மாமியார் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் லேடி டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி. ஆனால் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் ஆக வேண்டுமாம். வளையல் அடுக்கி, டாக்டர் இருக்கிற ஊரிலிருந்து இல்லாத ஊருக்கு அவளை அழைத்து வந்தோம். முறை தப்பக்கூடாதே!

வலி கண்ட மறுநாள் காலையில் மருத்துவச்சி வெளியே வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என் கையில் ஆகாது, டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்றாள். மாட்டைப் பூட்டி, வண்டியில் வைக்கோல் பரப்பி அக்காவைக் கிடத்தினோம். கிழக்கே போனால் அந்த லேடி டாக்டர், உச்சிப்பொழுதுக்குள் சேர்ந்துவிடலாம். மேற்கே, ஆந்திராவுக்குள்ளேயே இருக்கிற புத்தூர் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும்.

நைனா வண்டியை மேற்கே திருப்பினார்.

அம்மா நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நைனா அவள் கையை விலக்கினார். "அந்தப் பக்கம் நம்மள சேத்துக்க மாட்டாங்க. கேசுன்னா சித்தூருக்குப் போங்கன்றாங்க, மனுன்னா ஐதராபாத்துன்றாங்க. ஆஸ்பத்திரி மட்டும் அங்கயா? வாசல்லயே வெச்சுத் திருப்பி அனுப்பிட்டா இன்னா பண்றது?"

கூடியிருந்த பெரிய மனுஷர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தராவது அங்கே போய்க் கேட்டதுண்டா? கிடையாது. கோடு போட வந்த அதிகாரிகள் ஏரியை அளந்தார்கள், வீட்டை எண்ணினார்கள், யாருக்கு எது தாய்மொழி என்று கேட்டார்கள். பிள்ளை பெறுகிறவள் எங்கே போகலாம் என்று ஒரு தண்டோரா போட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அக்காவின் தலை என் மடியில் இருந்தது. பிச்சாட்டூர் தாண்டினதும் அவள் முனகுவது நின்றுபோயிற்று. அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். நைனா நிறுத்தவில்லை, மாட்டை அடித்துக்கொண்டே இருந்தார். புத்தூர் டாக்டர் வண்டியிலேயே கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு உயிரும் போய்விட்டது என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. நான் யாரையும் கேட்கவில்லை. அவளை பஸ்ஸில் ஏற்றி நேரே கிழக்கே கூட்டிக்கொண்டு போனேன். லேடி டாக்டர் பேர் கேட்டாள், வயசு கேட்டாள், ஊர் கேட்டாள். சொன்னேன். சண்டைக்குத் தயாராக நின்றுகொண்டு, "நாங்க ஆந்திரா. பாப்பீங்களா, மாட்டீங்களா?" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டே, "அதுக்கென்ன? பாதிப் பேர் அங்கேயிருந்துதானே வர்றாங்க. நாக்கை நீட்டுங்கம்மா" என்றாள்.

அம்மா நாக்கை நீட்டவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ அன்னிக்கே வந்திருக்கலாமாடி?"