கோதுமை விழுந்து முடியுமுன் படித்த எடை

அன்றைக்கு எடை அறையில் மூன்று பேர் இருந்தோம்: கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர், எல்லோரும் நானா என்று கூப்பிடும், கிண்ணியா ஊர்க்காரரான எங்கள் மேற்பார்வையாளர், பிறகு நான். எண்பதுகளின் தொடக்கம் அது. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு தானியக் களஞ்சியத்தில் எனக்கு வேலை. கப்பலில் வரும் கோதுமையை, எடைத் தொட்டியின் மேல்வாயைத் திறந்து உள்ளே விழவிடுவேன். எடையைக் கொம்பியூட்டர் படிக்கும்.

புதுக் கொம்பியூட்டர் வந்ததிலிருந்து கப்பல் கணக்கைவிட எங்கள் கணக்கு குறைந்துகொண்டே போனது. வாயைத் திறப்பவன் நான்தானே என்று என் சம்பளத்தில் பிடித்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இந்த வேலையும் போனால் வேறு எது கிடைக்கும்? சட்டை மடிப்பில் ஒரு கோதுமை மணி ஒட்டியிருந்தாலும் வாசலில் நின்று உதறிவிட்டுத்தான் பாலையூற்றிலுள்ள வீட்டுக்குச் சைக்கிளை மிதிப்பேன்.

"தம்பி, ஊட்டுல மில்லு வெச்சிரிக்கியா எண்டு மேல கேக்காங்க," என்று நானா சிரித்துப் பகிடி விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எஞ்சினியர் காலை முழுக்கத் திரையையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"உங்கட பிழை இல்லை. கோதுமை விழுந்து முடிய முதலே மெஷின் எடையைப் படிக்குது."

"ஏன் சேர் அப்பிடி?"

"மெஷினுக்குள்ள எல்லாத்தையும் நடத்துற புரோகிராமுக்குப் பேர் கேர்னல். அதிட்ட சரியான மணிக்கூடு ஒண்டு இருக்கு, ஆனா வேற ஒருத்தருக்கும் காட்டாது. தராசோட கதைக்கிற டிரைவர் புரோகிராம் நேரம் தெரியாம ஒண்டு, ரெண்டு எண்டு ஒரு அளவுக்கு எண்ணி முடிச்சிட்டு எடையைப் படிக்கும். பழைய மெஷின் ஆறுதலா, மெதுவா எண்ணினது. இது கெதியா எண்ணி முடிச்சுப்போடுது."

"எங்கட பெரியவரும் மணிக்கூட்டத் தன்ட அறைக்குள்ளதான் மாட்டி வெச்சிரிக்கார்," என்றார் நானா.

டிரைவரும் அந்த மணிக்கூட்டைக் கேட்கும்படி எஞ்சினியர் கேர்னலில் வழி திறந்துவிட்டார். இனி அது எண்ணாது; இத்தனை செக்கனில் என்னை எழுப்பு என்று கேர்னலிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். எடை தெரிந்த மூட்டைகளைக் கொட்டிப் பார்த்தோம். சரியாக வந்தது.

"இன்னொருக்காப் போட்டுப் பாப்பமோ, சேர்?"

மறுபடியும் சரி. மூன்றாவது தரமும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதுவும் சரியாக வந்தபோது, வெறும் சாக்குகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றிரவு இரண்டு கோப்பை நிறையச் சோறு தின்றேன்.

அடுத்த மாதம் சம்பளம் முழுசாக வந்தது. முன்பு பிடித்ததைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அதில் நூற்று நாற்பது ரூபாய் இன்னும் வரவேண்டியிருக்கிறது.