சவரி வாத்தியார் கண்ணால் பார்த்தது

மனோதத்துவம் என்றால் சவரி வாத்தியார்தான். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அந்தப் பாடத்தை அவரைவிட்டால் நடத்த ஆளில்லை. மானாவாரிக் காட்டில் கடலை பிடுங்கிய வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பத்தில் பி.ஏ., பி.டி. முடித்த முதல் ஆள்.

ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு நாடகம் நடத்துவார். பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பியூன் திடீரென்று புகுந்து, மேசைமேல் இருக்கும் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். மாணவர்கள் திடுக்கிட்டு எழுவார்கள். சவரி நிதானமாகக் கேட்பார்: "கத்தி எந்தக் கையில இருந்துச்சு?"

பாதிப் பேர் வலது கை என்பார்கள், மற்றவர்கள் இடது கை என்று அடித்துச் சொல்வார்கள். கத்தியே கிடையாது.

"நான் வாயால சொன்ன கத்திய உங்க கண்ணு பாத்திருக்கு. இதப்பத்தி வெளிநாட்டுல எவ்வளவோ ஆராய்ச்சி பண்ணிட்டாங்க. நாளைக்குப் பசங்க சண்டைய விசாரிக்கறப்ப நெனச்சுக்குங்க" என்பார். வகுப்பே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

அறுபத்தொன்பதில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சந்தை. மகளுக்குக் கவுன் துணி எடுத்துக்கொண்டு மனைவி ரோசம்மாவும் அவரும் பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையின் நெரிசலில் நடந்தார்கள். சவரி வளையல் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, என் பை!" என்று அலறினாள் ரோசம்மா.

திரும்பினார். கூட்டத்துக்குள் ஒரு முதுகு மறைந்தது. எங்கிருந்தோ ஒரு குரல்: "மலைக்காரன்! மலைக்காரன் தூக்கிட்டு ஓடறான்!"

சற்று நேரம் கழித்து, திருடனைத் தேடிக் கூட்டத்தோடு போனபோது, மலைச் சரக்கு வாங்கும் வெங்கடாசலத்தின் மண்டி வாசலில், சித்தேரி மலையிலிருந்து வந்த கரியன் கடுக்காய் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தோளில் கறுப்புக் கம்பளி. சவரியின் கை தானாக நீண்டது.

"இவன்தான்."

"சாமி, நானு இப்பத்தான் மலைய உட்டு எறங்கறேன்" என்றான் கரியன்.

"சார், நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார் வெங்கடாசலம். கேட்கத்தான் கேட்டார்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன். இதே கம்பளி. இதே ஆளு."

அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை. மூட்டையைத் தேடினார்கள், பை இல்லை. கை மாற்றிவிட்டான் என்றார்கள். அடித்தார்கள். இனி சந்தைப் பக்கம் தலை காட்டாதே என்று கடுக்காயை ரோட்டில் கொட்டினார்கள். ரோசம்மா புருசனின் கையைப் பிடித்து இழுத்தாள். "போதுங்க, வூட்டுக்குப் போலாம். பை போனாப் போவுது." அவர் நகரவில்லை. சொன்னது சரிதான் என்று நிற்கவேண்டியிருந்தது.

அடுத்த நாள் வகுப்பில் ராஜாமணி என்ற மாணவன் எழுந்தான். "சார், சந்தையில திருடனப் புடிச்சீங்களாமே? அவ்ளோ கூட்டத்துல எப்படி சார் கரெக்டாப் பாத்தீங்க?"

பையன் கிண்டலாகக் கேட்டானா, வியந்து கேட்டானா தெரியவில்லை. சவரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பழக்கப்பட்ட கண்ணுக்குத் தெரியும்பா."

அந்த வாரமே போலீஸ்காரர் ஒருவர் பையோடு வீட்டுக்கு வந்தார். அரூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பிடிபட்டானாம். பையோடு துணியும் அப்படியே இருந்தது.

"மலைக்காரனா?" என்றார் சவரி.

"டவுன் பையன் சார். வெள்ளைச் சட்டை, பேண்ட்டு. அன்னிக்கும் அதான் போட்டிருந்தேங்கறான்."

"கம்பளி?"

"கம்பளியெல்லாம் இல்ல சார்."

ரோசம்மா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சவரி கண்ணை மூடிப் பார்த்தார். கூட்டத்தில் மறைந்த அந்த முதுகில் இப்போதும் கறுப்புக் கம்பளி இருந்தது. இல்லை என்று தெரிந்த பிறகும் இருந்தது. அதுதான் அவரைக் கூசவைத்தது. இத்தனை வருசம் சிரித்தது யாரைப் பார்த்து?

அடுத்த சந்தைக்குத் தனியாகப் போனார். கரியன் வரவில்லை. அவன் பெண்சாதி காளி மூட்டையோடு மண்டி வாசலில் நின்றாள். சவரி அவளைப் புளியமரத்து மறைவுக்குக் கூப்பிட்டு மெல்லிய குரலில் சொன்னார்: "அம்மா, உங்க வூட்டுக்காரர் எடுக்கலைங்க. தப்பு என்னுதுதான்."

காளி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத ஏஞ் சாமி மறவுல கூட்டியாந்து சொல்றீங்க? அன்னிக்குச் சந்தையே கேக்கத்தான சொன்னீங்க?"

அவளே முன்னால் நடந்தாள். சவரிக்குப் பின்னால் போவதைத் தவிர வழியில்லை. மண்டி வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்கு எடுத்தது கரியன் இல்லைங்க. வேற ஆளு. நான்... நான் யாரையும் பாக்கவே இல்ல."

வெங்கடாசலம் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். "அட, உடுங்க சார். அவன் இல்லாட்டி அவன் சாதியில எவனாச்சும் நாளைக்கு எடுப்பான். அடிச்சுக் கை நொந்தது எங்களுக்குத்தான்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். யாரும் தன்னைத் திட்டவில்லை என்பதில் ஒரு கணம் நெஞ்சு லேசானது சவரிக்கு. லேசானதை உணர்ந்ததும் உடம்பெல்லாம் கூசியது.

"சிரிக்காதீங்க. அவர் இனிமே சந்தைக்கு வருவாரு. தடுக்கக் கூடாது" என்றார் கொஞ்சம் உரக்க.

"வரட்டும், வரட்டும். யாரு வேண்டாங்கறா?" என்று வெங்கடாசலம் எடைக்கல்லை எடுத்தார்.

காளி மூட்டையைத் தட்டில் ஏற்றினாள். சவரி அவள் ஏதாவது சொல்வாள் என்று பக்கத்திலேயே நின்றார். ஏசினாலும் சரி.

அவள் அவரைத் தாண்டித் தராசு முள்ளை எட்டிப் பார்த்தபடி சொன்னாள்: "நவுருங்க சாமி. எடை தெரியல."